இழுத்துப் பார்க்கிறவர்

மூடி வைத்த எதையும் மூடியபடியே விட அவரால் முடியாது. நாங்கள் முன்பு குடியிருந்த காம்பவுண்டில் அடுப்பெல்லாம் வராந்தாவில்தான். உங்கள் அம்மா இட்லிப் பானையை ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அடுத்த போர்ஷனிலிருந்து அவர் வந்து மூடியைத் தூக்கிவிடுவார். "வெந்துகினு கீதான்னு பாத்தேம்மா" என்பார். ஆவி போன இட்லி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இட்லியையே அவருக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பாள் உங்கள் அம்மா. அவரும் சட்னியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பிள்ளைகளா, உங்களுக்கு அவரைப் பார்த்த ஞாபகம் இருக்காது. பெரியவளே, உன்னை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அப்போது நீ கைக்குழந்தை. நான் மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்த புதிது. திருவொற்றியூரில் கடலுக்கும் ஹைரோட்டுக்கும் நடுவே அந்தக் காம்பவுண்டு. உன்னைத் தூளியில் போட்டுத் தூங்க வைப்பதற்குள் உங்கள் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும். அவர் டூட்டி முடிந்து வருவார், செருப்பைக் கழற்றுவார், நேராக வந்து தூளித் துணியை இரண்டு விரலால் விலக்குவார். உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார். நீ முழித்துக்கொண்டு கத்துவாய். அப்போதுதான் அவர் முகம் தெளியும். "கத்துது, கத்துது" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே தன் போர்ஷனுக்குப் போவார். உங்கள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தூளியை மறுபடி ஆட்ட ஆரம்பிப்பாள்.

காம்பவுண்டில் அவருக்குச் 'செக்கிங்' என்று பேர். நானும் செக்கிங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. பார்த்த வேலையும் அப்படித்தான். எண்ணூர் பக்கம் கன்டெய்னர்கள் அடுக்கி வைக்கிற ஒரு யார்டில், லாரி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கன்டெய்னர் கதவில் பூட்டு மாதிரி மாட்டியிருக்கிற 'சீல்' முத்திரையை அவர் இழுத்துப் பார்க்க வேண்டும். சீல் கையோடு வராவிட்டால் சரி, லாரி போகலாம். அவ்வளவுதான் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. வருஷக்கணக்கில் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றிருக்கிறார். ஒன்றின் உள்பக்கத்தையும் பார்த்ததில்லை. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அந்த அக்காதான் சொல்லும், "அங்க ஒண்ணத்தையும் தொறக்க வுடல. அதான் வூட்டுக்கு வந்து எல்லாத்தையும் தொறக்குறாரு."

அக்காவுக்குப் பிறந்த வீடு எர்ணாவூர் பக்கம் கடலோரக் குப்பத்தில். 'இருந்தது' என்றுதான் எழுத வேண்டும். கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, தெரு தெருவாக எடுத்துக்கொண்டது. வீடு இருந்த இடத்தில் இப்போது அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்தான் கிடக்கிறது. கல்யாணமாகி வரும்போது அந்த வீட்டு வாசலில் நின்ற செம்பருத்தியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தது அக்கா. காம்பவுண்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சிமென்ட் தரை வெடித்திருந்த ஓர் இடுக்கில் அதை ஊன்றியது. நாங்கள் குடி போனபோது அது ஓட்டுக் கூரை உயரத்துக்கு வளர்ந்து புதராக நின்றது. அடுக்கு இதழ். சிவப்பு இல்லை, பழுத்த பப்பாளியை வெட்டினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற கரித்தூசி இலையெல்லாம் படிந்துவிடும். அக்கா தினமும் காலையில் ஈரத் துணியால் ஓர் இலை விடாமல் துடைக்கும். பிள்ளைக்கு முகம் கழுவி விடுகிற மாதிரி இருக்கும் பார்க்க.

பொங்கல் முடிந்த பிறகு வீட்டுக்காரர் வந்தார். தெற்கத்திக்காரர், டோல்கேட் பக்கத்தில் மளிகை மொத்த வியாபாரம். நல்ல மனுஷன்தான். காம்பவுண்டை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டப் போவதாகச் சொன்னார். "ஆடி பொறக்கதுக்குள்ள காலி பண்ணித் தந்துருங்க. ஆடியில யாரும் குடி மாற மாட்டீய, அப்புறம் எனக்கு வேல தள்ளிப் போயிரும்" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அக்கா மட்டும் செடியைக் காட்டி, இதை என்ன பண்ணுவது என்று கேட்டது. தாராளமாகப் பெயர்த்துக்கொண்டு போகச் சொன்னார். பெயர்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது. நானும் அண்ணனும் கடப்பாரை போட்டுப் பார்த்தோம். வேர் துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்து, சிமென்ட் தரைக்குக் கீழே எங்கேயோ போயிருந்தது. தரையை உடைத்தால் வேரும் கூடவே அறுந்துவிடும்.

குச்சி ஒடித்து ஊன்றி, காலி பண்ணுவதற்குள் புதுச் செடி உண்டாக்குவது ஒன்றுதான் வழி. அந்தப் பொறுப்பை அண்ணன் தானே ஏற்றுக்கொண்டார். பென்சில் கனத்தில் குச்சியாகப் பார்த்துச் சாய்வாக வெட்டினார். மேலே இரண்டு இலை விட்டு மற்றதை எல்லாம் கிள்ளினார். வெட்டிய முனையில் கற்றாழைச் சோற்றைத் தடவி, பெயின்ட் டப்பாக்களில் ஊன்றி, துவைக்கிற கல்லின் நிழலில் வரிசையாக வைத்தார்.

கொஞ்ச நாளில் எல்லாக் குச்சியிலும் பச்சைத் துளிர் வந்தது. காம்பவுண்டே வந்து பார்த்து, செடி வந்துவிட்டது என்றது. அக்கா அன்றைக்குக் கேசரி கிளறிக் கொடுத்தது. பிறகு ஒரு காலையில் பார்த்தால் துளிரெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. தள்ளுவண்டியில் செடி விற்கிறவர் வந்தபோது காட்டினோம். அவர் ஒரு குச்சியை உருவிக் காட்டினார். அடியில் ஒரு நூல் வேர்கூட இல்லை. குச்சியில் இருக்கிற சத்தை வைத்தே அது துளிர்த்துவிடும், சத்து தீர்ந்தால் காய்ந்துவிடும், மேலே பச்சையாக இருப்பதை நம்பக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதை வண்டிக்காரர் அண்ணனை விட்டு வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வரிசை ஊன்றினார் அண்ணன். மறுநாளிலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவிப் பார்க்க ஆரம்பித்தார். டூட்டிக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. மெதுவாக இழுப்பார், நுனியைத் திருப்பிப் பார்ப்பார், மறுபடி அதே குழியில் சொருகி மண்ணை அழுத்துவார். அக்கா திட்டும். உங்கள் அம்மா திட்டுவாள். நானும் சொல்லிப் பார்த்தேன். "ச்சும்மா இன்னா நெலமைன்னு பாத்தேம்பா" என்பார். வேர் எப்படி வரும்? கண்ணை மூடித் தூங்கப் போகிறவனை எழுப்பி எழுப்பித் தூங்கிவிட்டாயா என்று கேட்கிற மாதிரிதான்.

ஒரு சாயங்காலம் துவைக்கிற கல் பக்கம் போனேன். அக்கா நின்றுகொண்டிருந்தது. அண்ணன் குந்தியிருந்தார். அவர் உள்ளங்கையில் ஒரு குச்சி. அதன் அடியில் ஈர மண்ணுக்கு நடுவே வெள்ளையாக, அரிசி முனை மாதிரி ஒன்று. வேர்தான். உண்மையாகவே வந்திருந்தது. அவர் இழுத்த இழுப்பில் பாதியில் முறிந்து தொங்கியது.

அக்கா கத்தவில்லை. "எங்கம்மா வூடு எங்கன்னு யாராவது கேட்டா நான் கடலத்தான் காட்டணும். இந்தச் செடி ஒண்ணுதான் தரைல கீது. அதையும் புடுங்கிட்ட" என்றது. உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு அக்கா வெளியே வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தட்டை அவர் எப்படித் திறந்தார் என்று எனக்குத் தெரியாது.

அவர் திரும்பவும் குச்சி வெட்டினார். இந்த முறை டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் போர்ஷனுக்கு வந்தார். "தம்பி, இத உன் வூட்ல வெச்சிக்கோ. நான் கேட்டாலும் காட்டாத" என்றார். பின்பக்கம் குளியலறைக்குப் போகிற வழியில் நிழலாக இருக்கும், அங்கே வைத்தோம். மறுநாளே கதவைத் தட்டி, எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நல்லா இருக்குண்ணே என்றேன். அதற்கு அடுத்த நாளும் தட்டினார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்பார். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

ஒரு நாள் கேட்டுவிட்டு அவர் கிளம்பவில்லை.

"நல்லா கீதுன்னு சொல்றியே, நீ பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"மண்ணுக்கு மேல பாத்த."

நான் திரும்பிக் குளியலறைப் பக்கம் பார்த்தேன்.

"எல்லாரும் மேல பாத்துட்டுத்தான் சொல்றாங்க தம்பி, நல்லா கீதுன்னு" என்றார். பிறகு போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது உங்கள் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு அக்கா எப்போதோ சொன்னதாம். அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. சில நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தபோது உறவுக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா கீது, போத்திகினு தூங்குது, நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் நம்பிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பெரியவளே, அன்றைக்கு நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நானும் விரலை வைத்துப் பார்த்தேன்.

இதனால்தான் அவர் இப்படி ஆனார் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். மறுநாள் அக்காவிடம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தது. பிறகு சிரித்துவிட்டது. "அதெல்லாம் இல்ல தம்பி. தாலி கட்டுனதும் முடிச்சு சரியா வுழுந்துச்சான்னு இழுத்துப் பாத்த ஆளு அது. ஐயரே பயந்துட்டாரு. அதுக்கு அதான் கொணம்" என்றது. சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டது. பேசாமல் இருந்த அத்தனை நாளில் அது அவரைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

அன்று மத்தியானமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து டப்பாக்களைப் பார்த்தது. அதில் திடமாக இருந்த ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்தது. டீக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் ஜார் ஒன்றை வாங்கி வந்திருந்தது. கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது எல்லாம் தெரியும். என்னை ஸ்குரூடிரைவரைக் காய்ச்சச் சொல்லி அடியில் ஓட்டை போட வைத்தது. மண்ணும் ஆற்று மணலும் கலந்து நிரப்பி, குச்சியை நடுவில் ஊன்றாமல் ஜாரின் ஓரத்தை ஒட்டி ஊன்றியது. வெளிச்சம் பட்டால் வேர் ஓடாது என்று தள்ளுவண்டிக்காரர் சொல்லியிருந்தார். அதனால் கிழிந்த குடையின் கறுப்புத் துணியை ஜாரைச் சுற்றிக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டித் தொங்கவிட்டது. தூக்கினால் உள்ளே தெரியும், விட்டால் மூடிக்கொள்ளும்.

அண்ணன் டூட்டி முடிந்து வந்தார். அக்கா ஜாரை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தது.

"இத தூக்கிப் பாரு. எத்தினி தபா வோணாலும் பாரு. செடி மேல கைய வெச்சா கைய ஒடிச்சுடுவேன்."

அவர் அக்காவைப் பார்த்தார், ஜாரைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து அந்தத் துணியை ஒரு விரலால் தூக்கினார். உள்ளே மண் மட்டும்தான் தெரிந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு மாதிரி நாட்கள் அவை. காலையில் எழுந்து அவர் செய்கிற முதல் வேலை அந்த ஜன்னலைத் தூக்குவது. உங்கள் அம்மாவின் இட்லிப் பானை தப்பித்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. குடித்தனங்கள் ஒவ்வொன்றாகக் காலி பண்ணிக்கொண்டு போயின. எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் வீடு கிடைத்தது, அவர்களுக்கு வள்ளூரில். இரண்டு குடும்பமும் ஆனி கடைசி வரை அங்கேயே இருந்தோம். நாங்கள் முன்னாலேயே போயிருக்கலாம். உங்கள் அம்மாதான், அந்தக் குச்சி என்ன ஆகிறது என்று பார்க்காமல் கிளம்ப மாட்டேன் என்றாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் யாரையும் கூப்பிடவில்லை. துணியைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா போய்க் குனிந்து பார்த்தது. பிறகு உங்கள் அம்மா, பிறகு நான். ஜாரின் ஓரத்தில், கறுத்த மண்ணுக்கு நடுவே வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கியிருந்தது. அதிலிருந்து இன்னொரு நூல் பிரிந்திருந்தது. மிச்சமிருந்த குடித்தனக்காரர்கள் எல்லாம் வந்து வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். எப்போது காலி பண்ணுகிறோம் என்று கேட்க வந்த வீட்டுக்காரர், "என்னத்தப் பாக்கீய எல்லாரும்?" என்றார். "வேர், அண்ணாச்சி" என்றோம். "வேருக்கா இம்புட்டுக் கூட்டம்?" என்று கேட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அவரும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தினார். எழுந்திருக்க மனம் இல்லாமல் எழுந்தார்.

அக்கா அண்ணனிடம், "கை வெக்காம இருந்தியே" என்றது. அவ்வளவுதான் சொன்னது. அன்றிலிருந்து பேச்சு வந்துவிட்டது.

ஆடிக்கு முன்னால் குட்டி யானை வண்டியில் அவர்கள் சாமான் ஏறியது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அண்ணன் ஜாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனார். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பக்கமாக பஸ்ஸில் போனேன். காம்பவுண்டு இல்லை. துவைக்கிற கல் மட்டும் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. பெரிய செடி எந்த இடத்தில் நின்றது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. இனி இருப்பது அந்த ஜாரில் இருப்பது ஒன்றுதான்.

அந்தச் செடி பிழைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். பிழைத்தது. இப்போது நம் வாசலில் பூக்கிறதே, அதன் குச்சிதான். சின்னவனே, போன வாரம் நீ ஊன்றிய குச்சியைப் பிடுங்கி வேர் வந்ததா என்று பார்த்தாய். உங்கள் அம்மா திட்டாமல் சிரித்தாள் இல்லையா? அவள் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அக்கா வள்ளூரில்தான் இருக்கிறது. வருகிற லீவில் உங்களைக் கூட்டிப் போகிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இன்னொரு நாளைப் பற்றிச் சொல்லத்தான்.

அவர்கள் வள்ளூர் போன அதே வருஷம், ஐப்பசி மழையில் அக்கா போன் பண்ணியது. இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு எடுத்துக்கொண்டு வரச் சொன்னது. போனேன். பவர் ஹவுஸ் புகைபோக்கிகள் தெரிகிற இடத்தில் ஓட்டு வீடு, முன்னால் கொஞ்சம் வெறும் மண். வாசலில் ஜார். செடி முழங்கால் உயரம் வந்திருந்தது, ஆனால் இலையெல்லாம் மஞ்சள் அடித்திருந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மண்ணே தெரியவில்லை. வெள்ளை வேராகச் சுற்றிச் சுற்றி இறுகிப்போயிருந்தது. மழை தொடங்கியதிலிருந்து தரையில் வைக்கச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் நாளைக்கு, நாளைக்கு என்றிருக்கிறார். தரையில் வைத்துவிட்டால் பிறகு பார்க்க முடியாதே.

பிளேடை நான் அக்காவிடம் நீட்டினேன். அக்கா வாங்கவில்லை, அவரைக் கைகாட்டியது. அவர் வாங்கிக்கொண்டார். ஜாரை மேலிருந்து கீழே இரண்டு பக்கமும் அறுத்தார். நான் ஃபிட்டர், என்னால்கூட அவ்வளவு பொறுமையாக அறுத்திருக்க முடியாது. பிளாஸ்டிக்கை உரித்து எடுத்ததும் மண் உதிரவில்லை. ஜாரின் வடிவத்திலேயே, முழுக்க வேராக நின்றது. அதை அவர் இரண்டு கையிலும் ஏந்தி, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வேர்கூட முறிந்திருக்கவில்லை. மழைத் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு குந்தி, வெட்டி வைத்திருந்த குழியில் இறக்கினார். மண்ணைக் கையாலேயே தள்ளினார். வெள்ளையாகத் தெரிந்தது பாதியாகி, ஓரமாகி, மறைந்தது. சுற்றிலும் அழுத்திவிட்டு எழுந்து தள்ளி நின்றார். அவர் கைகள் இரண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"மேல மண்ணுதான் தெரியுது" என்றார்.

"ஆமா" என்றது அக்கா.

"உள்ள நல்லா இருக்குமா?"

"இருக்கும்."

அவர் அந்த மண்ணைப் பார்த்தார். பிறகு அக்கா முகத்தைப் பார்த்தார், ஜன்னலைத் தூக்கிப் பார்த்த நாட்களில் எவ்வளவு நேரம் பார்ப்பாரோ அவ்வளவு நேரம்.

"நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.